சகலையின் செலவாகாத இருப்பு

என் சகலை சிவராமனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுதான் தேறும். குடிக்கமாட்டான், சத்தம் போட்டுப் பேசமாட்டான். குடித்தால் காசு போகும். சத்தம் போட்டால் தொண்டை காயும், தண்ணீர் குடிக்க வேண்டும், பூந்தமல்லியில் கேன் தண்ணீர் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதை ஒழுக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவன் என் மனைவி ஷர்மிளாவின் தங்கை வர்ஷாவைக் கட்டியவன். கரூர் பக்கத்துக்காரன். இன்ஜினியரிங் படித்துவிட்டு இங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்து, பூந்தமல்லியில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறான். நான் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். என் கையில் கிரீஸ், அவன் கையில் லேப்டாப். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என் மாமனார் சம்பந்தம் என்னை எத்தனை வருஷம் வதைத்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

மாமனார் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸிலேயே இரண்டு பெண்களையும் வளர்த்துக் கரையேற்றிவிட்டு, இப்போது மேனாம்பேட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். யாராவது கேட்டால், "பெரிய மாப்ளே தங்கமான மனுஷன்" என்பார். தங்கமான மனுஷன் என்றால் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "சின்ன மாப்ளே கம்ப்யூட்டரு" என்று சொல்லும்போது மட்டும் நெஞ்சு நிமிரும். ஏதோ அந்தப் பயலையே ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும் என்பதுபோல.

ஒருமுறை எஸ்டேட் பக்கம் வந்தவனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். டீயும் இரண்டு வடையும் உள்ளே போனதும், காசு கொடுக்கிற நேரம் பார்த்து ஐயாவுக்குப் போன் வந்துவிட்டது. காதில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தான். "போன் அடிக்கவே இல்லியே அண்ணாத்தே" என்று டீ மாஸ்டர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். மாமியார் வீட்டுக்கு வரும்போது எவனாவது ஒரு சீப்பு பழமாவது வாங்கி வருவானா இல்லையா? இவன் காலி கேனோடு வருவான். "உங்க வீட்டுத் தண்ணி தனி ருசி அத்தை" என்று சொல்லி நிரப்பிக்கொண்டு போவான். என் மாமியார் ராணிக்கு அதில் ஒரே பூரிப்பு. மாப்பிள்ளை நம் வீட்டுத் தண்ணீரைப் பாராட்டிவிட்டாராம்.

கல்யாணத்திலேயே ஆளை அடையாளம் கண்டிருக்க வேண்டும். பத்திரிகையில் தங்கள் நல்வரவை நாடும் என்று பெரியவர்கள் பெயர் போடுகிற இடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு கட்டம் போட்டு, அதன் கீழே எறும்பு வரிசை மாதிரி எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள விலாசம் அடித்திருந்தான். மொய் எழுத விரும்புபவர்கள் பிட்காயினாகவும் அனுப்பலாமாம்! அனுப்பவேண்டிய விலாசம் அதுவாம். என் மாமா ஒருவர் திருமழிசையிலிருந்து வந்திருந்தார். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, சிலிண்டர் புக் பண்றதா?" என்று கேட்டார். மாப்பிள்ளை மேடையில் நின்றுகொண்டு எதிர்காலப் பணம், உலகம் மாறுகிறது என்று ஒரு பிரசங்கமே செய்தான். அவனோடு படித்த ஒரு புண்ணியவான் மட்டும் ஒரு சாப்பாட்டுக்குக் காணும் தொகையை அனுப்பினான். மற்றவர்கள் எல்லாரும் மரியாதையாக வரிசையில் நின்று ஐந்நூற்றியொன்று எழுதினார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள். வந்த குத்துவிளக்குகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பாத்திரக்கடையில் போட்டுக் காசாக்கினான். வைத்துக்கொண்ட அந்த ஒன்று என் மகளின் பிறந்தநாளுக்கு வந்து சேர்ந்தது, வேறு யாரோ பெயரில் அன்பளிப்பு என்று வெட்டியிருந்தபடியே. அழித்துவிட்டாவது கொடுத்திருக்கலாம். அதற்குக் கூலி கேட்பார்களே.

சரி, அவன் அல்பம் அவனோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாமல் போனது வர்ஷாவால்தான்.

வர்ஷா சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கல்யாணத்துக்கு முன் நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் வரும். ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது புலியாகவும் நரியாகவும் அவளே ஆகிவிடுவாள். போன மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, முகம் படியில் மோதி, மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போய்விட்டது. எலும்பில் திருகு வைத்துப் புதுப் பல் பொருத்த இருபத்தெட்டாயிரம் ஆகும் என்று பல் டாக்டர் சொன்னார். சிவராமன் சொன்னது என்ன தெரியுமா? "மார்க்கெட் விழுந்து கிடக்கு. கையில ஒண்ணும் இல்ல. முன்பல்தானே, மெல்றதுக்குக் கடவாப்பல் இருக்கே."

கேட்டபோது எனக்கு அவன் கடவாய்ப்பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

அன்றிலிருந்து வர்ஷா மாஸ்க் போட ஆரம்பித்தாள். பள்ளியில் மாஸ்க், பஸ்ஸில் மாஸ்க், சொந்த அக்கா வீட்டில் மாஸ்க். விசேஷ வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். மாஸ்க்குக்குள்ளிருந்து புலி கத்தினால் எந்தக் குழந்தை பயப்படும்? கதை நேரத்தை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். போனில் பேசும்போதுகூட அவள் சிரிப்பது நின்றுபோனது, போனில் யார் பல்லைப் பார்க்கப் போகிறார்கள்?

நாங்கள் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். மாமனார் கேட்டுப் பார்த்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. "என் பொண்டாட்டிக்குப் பல் வைக்க எனக்கு வக்கில்லைன்னு சொல்றீங்களா மாமா?" என்று எழுந்துவிட்டான் சிவராமன். அதுவும் எப்படி? பாயசம் வரைக்கும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டான். மாப்பிள்ளை முகம் சுளித்தால் இந்த வீட்டில் பூமி பிளந்துவிடும். அதற்குப்பின் மாமனாரும் வாய் திறக்கவில்லை, என்னையும் திறக்க விடவில்லை. வர்ஷாவின் சம்பளமோ மாதம் பிறந்ததும் அவன் கைக்குப் போய்விடும். தானும் தரமாட்டான், பிறர் தரவும் விடமாட்டான், அவள் சம்பாதித்ததை அவளும் தொடக்கூடாது. அந்த ஒரு பல்லுக்கு எல்லாப் பக்கமும் வழியை அடைத்துவிட்டான் பிசினாறி.

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற முகமது ஆசிக் நல்ல பையன். ஒருநாள் கேன்டீனில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"பிட்காயின் அண்ணாத்தே. இந்த சைட்ல எவன் அட்ரஸ் போட்டாலும், அவன் இன்னும் செலவு பண்ணாம வெச்சிகினு கீற காசு அப்பிடியே வந்துரும். பேரு வராது. காசு மட்டும் வரும்."

"பாஸ்வேர்டு கேக்காதா?"

"பாக்கறதுக்கு ஒண்ணும் வாணாம். எடுக்கறதுக்குத்தான் சாவி."

எனக்குச் சட்டென்று அந்த எறும்பு வரிசை ஞாபகம் வந்தது. ஷர்மிளா எந்தக் கல்யாணப் பத்திரிகையையும் தூக்கிப் போடமாட்டாள், பிள்ளையார் படம் இருக்கிறதாம், பாவமாம். பரணில் கிடந்த கட்டிலிருந்து சிவராமன் பத்திரிகையைத் தேடி எடுத்து மறுநாள் ஆசிக்கிடம் கொடுத்தேன். எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவன் நிஜமாகவே ஓட்டாண்டி என்று தெரிந்தால் கொஞ்சம் சந்தோஷப்படலாம் என்றுதான் பார்த்தேன்.

நாற்பத்தொரு லட்சம்.

ஆசிக் வாயைப் பிளந்தான். நான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மொய்யாக வந்த அந்த ஒரு சாப்பாட்டுக் காசில் ஆரம்பித்து நானூறுக்கும் மேல் துண்டுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, வந்தது வந்தபடியே கிடந்தன. ஆபீஸ் வேலை போக, வெளிநாட்டுக்காரர்களுக்குச் சில்லறை வேலைகள் செய்து கொடுப்பதாக அவனே பீற்றிக்கொள்வான், அந்தக் கூலி. கல்யாணத்தின்போது வாங்கியது இந்த ஐந்து வருஷத்தில் பலமடங்காகி இருக்கிறது. ஒன்றையாவது தொட்டானா? ஒரு பைசா தொடவில்லை.

"ஒவ்வொரு தடவையும் புது அட்ரஸ் எடுத்துக்கலாம் அண்ணாத்தே, அதுக்குக் காசுகூட கெடையாது. இந்தாளு இன்னாத்துக்கு ஊருக்கே குடுத்த அட்ரஸ்லயே வாங்கிகினு கீறான்?" என்று ஆசிக் கேட்டான்.

எனக்குக் காரணம் தெரியும். பத்திரிகை அடித்த அதே அச்சகத்தில், சேர்த்து அடித்தால் தள்ளுபடி என்று, அந்த விலாசத்தைப் போட்டு ஐந்நூறு விசிட்டிங் கார்டும் அடித்து வைத்திருந்தான். கார்டு தீராமல் சிவராமன் விலாசத்தை மாற்றுவானா? உயிரே போனாலும் மாற்றமாட்டான்.

ஆடி பிறந்ததும் மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கறி விருந்து போடுவது வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இலை போட்டு, கறி பரிமாறி, சிவராமன் நல்லி எலும்பை உறிஞ்ச ஆரம்பித்த நேரத்தில் போனை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சகல, இது இன்னாதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லு."

எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே பார்த்தான். பார்த்ததும் எடுத்துவிட்டான்.

"இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

"நீதான குட்த்த. பத்திரிகைல அடிச்சி, மஞ்சா தடவி, ஊரு பூரா குட்த்தியே."

"இன்னா மாப்ளே அது?" என்றார் மாமனார்.

"உங்க சின்ன மாப்ளே செலவு பண்ணாம வெச்சிகினு கீற காசு மாமா. நாப்பத்தோரு லட்சம். ஒரு பல்லுக்கு இல்லேன்னாரே, அவருதான்."

சிவராமன் சத்தம் போடவில்லை. அதுதான் அவன் போடமாட்டானே. "அண்ணே, அடுத்தவங்க இருப்பை எட்டிப் பாக்கறது அசிங்கம். இது முதலீடு. கை வெச்சா வரி கட்டணும். உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றான்.

"புரியலதான். பல்லு புரியுது" என்றேன்.

மாமனார் இப்போது எகிறுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் "நாப்பத்தோரு லட்சமா!" என்று சின்ன மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் மரியாதை இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. மாமியார் கரண்டியோடு வந்து, "மாப்ளே, ரெண்டு துண்டு ஈரல் வெக்கட்டுமா?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். இந்த ஜனங்களுக்காகவா நான் வாயைத் திறந்தேன்?

சமையலறை வாசலில் வர்ஷா நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் என்னைப் பார்த்து.

"இன்னா தெரியும்?"

"அவரு போன்ல அந்த சைட்ட பாத்துகினே இருப்பாரு. நானும் கத்துகினேன். கல்யாணம் ஆன புதுசுலேந்து பாக்கறேன். ஊடு வாங்கத்தான் சேக்கறாரு, ஒடைக்க மனசு வரல போலன்னு நெனச்சிகினு இருந்தேன். செலவு பண்ணத் தெரியாத ஆளுங்க சில பேரு இருப்பாங்கல்ல, அது ஒரு கொறை, இன்னா பண்றது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. புருஷனுக்கு சர்க்கரை வியாதி என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சிவராமனுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். இலையைப் பார்த்துக்கொண்டே, "சரி, வர்ற சனிக்கிழமை டாக்டர்கிட்ட போலாம். போதுமா?" என்றான்.

மாஸ்க்குக்கு மேலே அவள் கண் இரண்டும் விரிந்ததை நான் பார்த்தேன். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷர்மிளா என் தொடையில் கிள்ளி, போதும், இதோடு விடு என்று சைகை காட்டினாள். நானும் விட்டேன். பரவாயில்லை, கல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று அவனைப் பற்றி முதல்முறையாக நினைத்தேன். நான் ஒரு மடையன்.

சாப்பிட்டு முடித்துச் சோபாவில் சாய்ந்தவன், பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான். "மாமா, உங்க வைஃபை பாஸ்வேர்டு என்ன? ஆபீஸ்ல ஒரு அவசரம்" என்றான். மாமனார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தானே வந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். பொழுது சாய்கிற வரைக்கும் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியோடு கிளம்பினான்.

மறுநாள் கேன்டீனில் ஆசிக் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். "அண்ணாத்தே, உங்க சகலை காலி பண்ணிட்டாரு" என்றான்.

போனைக் காட்டினான். செலவாகாத இருப்பு என்ற இடத்தில் சுழி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே, மாமனார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, மாமனார் வீட்டு வைஃபையில், அத்தனையையும் வாரி வேறு புது விலாசத்துக்குத் தள்ளிவிட்டான். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாதாம்! அதற்குப் பக்கத்தில் கூலி என்று ஒரு தொகை இருந்தது. ஆசிக் அதை ரூபாயாக மாற்றிக் காட்டினான். முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.

"இது யாருக்குடா போவுது?"

"அனுப்பி வெக்கறவங்களுக்கு அண்ணாத்தே. காசு எத்தினி துண்டா வந்துச்சோ அத்தினி துண்டாவே கெடக்கும். மொத்தத்தையும் ஒரே எடத்துக்குத் தள்ளணும்னா ஒவ்வொரு துண்டுக்கும் கூலி. கொஞ்சம் பொறுத்துப் போட்டிருந்தா இதுல கால்வாசிகூட ஆயிருக்காது. இந்தாளு இப்பவே போயே ஆவணும்னு மேல மேல ஏத்திக் குட்த்துகீறான்."

"இனிமே நம்மளால பாக்க முடியாதா?"

ஆசிக் சிரித்தான். அந்தக் கூலிக்குக் கீழே இருந்த வரியைத் தொட்டான். புது விலாசம் திறந்தது. கூலி போக மீதி முழுவதும் அங்கே பளிச்சென்று ஒரே துண்டாக உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து எங்கே போனது என்று அந்தத் தளம்தான் எல்லாருக்கும் காட்டுகிறதே. முப்பத்தோராயிரம் கொடுத்து அவன் ஒளித்து வைத்தது, கேன்டீன் தயிர் சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு விரலுக்கு வந்துவிட்டது. சாஃப்ட்வேர் இன்ஜினியராம். த்தூ!

பல்லுக்கு இருபத்தெட்டாயிரம் கேட்டார்கள், இல்லை என்றான். பெண்டாட்டியின் வாயில் பல் இருப்பதைவிட, தன் பணம் யார் கண்ணிலும் படாமல் இருப்பது அவனுக்கு மூவாயிரம் கூடப் பெறும். அன்று முழுக்க ஷிப்டில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். வர்ஷாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் போகட்டும், பல் வந்துவிட்டால் இந்தக் கூலி விஷயம் அவளுக்குத் தெரியாமலே போகட்டும் என்று ஷர்மிளா சொன்னாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் வர்ஷாவின் செருப்பு கிடந்தது. கூடத்தில் ஒரு துணிப்பையும், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிற பையும் இருந்தன. ஷர்மிளா அழுத முகத்தோடு தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வர்ஷா அழவில்லை.

"நாளைக்கு டாக்டர் இல்லியாம் மாமா" என்றாள். "இந்த மாசம் எதிர்பாராத செலவு ஒண்ணு வந்துருச்சாம். பல்ல தீபாவளிக்கு மேல பாத்துக்கலாமாம்."

அவனைத் திட்ட ஒரு வார்த்தை தேடினேன், இத்தனை வருஷம் வண்டி வண்டியாக வைத்திருந்தவனுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அந்தக் கூலி எவ்ளோன்னு நீங்க பாத்தீங்களா மாமா?"

"பாத்தேம்மா."

"நானும் பாத்தேன்" என்றாள். "செலவு பண்ணத் தெரியாத மனுஷன்னு நெனச்சிதான் மாமா இத்தினி நாளா பொறுத்துகினு இருந்தேன். தெரியுது அவருக்கு."